கறுப்பு, கனம், காந்தம் ஒட்டுகிறது: விண்கல்தானே?

கூழாங்கல்பை:
எல்லாருக்கும் வணக்கம். ஆறு மாதமாகக் கல் பொறுக்குகிறேன். சேகரிக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது, அதனால் பொறுக்குகிறேன் என்றே வைத்துக்கொள்ளலாம். ஒரு டப்பா நிறையக் கற்கள் இருக்கின்றன, பெயர் தெரிந்தவை நாலைந்துதான்.

போன வாரம் ஒன்று கிடைத்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், ஆனால் தூக்கினால் கை தானாகத் தாழ்கிறது, அவ்வளவு கனம். கறுப்பு, அங்கங்கே எஃகு மாதிரி மினுக்கம். காந்தத்தை நூலில் கட்டிக் கிட்டே கொண்டுபோனால் லேசாகச் சாய்கிறது. போனில் ஒரு ஆப்பில் படம் எடுத்துப் போட்டேன், விண்கல் என்கிறது. இரண்டு நாளாகத் தூக்கம் வரவில்லை. விண்கல்தானே?

விரல்நகம்:
தூங்குங்கள். விண்கல் இல்லை.

படமெடுப்பவன்:
பார்க்காமலே எப்படிச் சொல்கிறீர்கள்? ஆப் சொல்வது எல்லாமே தப்பு என்று எழுதுவது இங்கே ஒரு வழக்கமாகிவிட்டது. நான் போட்ட பத்துக் கல்லில் ஆறு சரியாகச் சொன்னது.

பழையசுத்தியல்:
அந்த ஆறும் என்ன கல் என்று முன்பே தெரிந்ததால்தானே தம்பி சரி என்று சொல்ல முடிகிறது? தெரியாத நாலுக்கு அது சொன்னது சரியா தப்பா என்று எப்படித் தெரியும்?

ஆப் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது பார்ப்பது நிறத்தையும் வடிவத்தையும். கனிமத்தில் அதிகம் ஏமாற்றுவது நிறம். குவார்ட்ஸ் ஒன்றையே எடுங்கள், கண்ணாடி மாதிரி, பால் வெள்ளையாக, ஊதாவாக, புகை நிறத்தில், ரோஜா நிறத்தில், மஞ்சளாக எல்லாம் வரும். ஃப்ளோரைட்டும் அப்படித்தான், ஊதா, பச்சை, மஞ்சள், நிறமே இல்லாதது. ஊதா ஃப்ளோரைட்டையும் ஊதா குவார்ட்ஸையும் படத்தில் பார்த்துக் குழம்பலாம். கத்தி முனையால் ஒரு கீறல் போட்டால் முடிந்தது. பத்து வரை போகும் அளவுகோலில் ஃப்ளோரைட் கடினத்தன்மை 4, கத்தி கீறும். குவார்ட்ஸ் 7, கத்திதான் தேயும்.

கூழாங்கல்பை, உங்கள் கல்லுக்கு இரண்டு சோதனை போதும். ஒன்று கீற்று, இன்னொன்று ஒப்படர்த்தி, அதாவது அதே அளவு இடம் பிடிக்கும் தண்ணீரைவிடக் கல் எத்தனை மடங்கு கனம் என்பது. கீற்று என்றால் கல்லைத் தேய்த்தால் விழும் பொடியின் நிறம். பளபளப்புப் பூச்சு இல்லாத பீங்கான் தகடு வேண்டும், இல்லையென்றால் பீங்கான் டைல்ஸைத் திருப்பிப் போட்டு அதன் பின்பக்கத்தில் தேயுங்கள். அழுத்தி ஒரே இழு. என்ன நிறத்தில் கோடு விழுகிறது என்று எழுதுங்கள்.

கூழாங்கல்பை:
இதோ செய்துவிட்டேன். கல் கறுப்பு, ஆனால் கோடு சிவப்பு! செங்கல் பொடி மாதிரி. விரலால் துடைத்தேன், விரலும் சிவந்துவிட்டது, இன்னும் போகவில்லை. கறுப்புக் கல்லுக்குள் சிவப்பு எங்கிருந்து வந்தது?

நிலவியல் டீச்சர்:
வெளியிலிருந்து வரவில்லை அப்பா, அதுதான் அந்தக் கல்லின் உண்மையான நிறம். ஹெமடைட் என்ற இரும்பு ஆக்சைடு கட்டியாக இருக்கும்போது கறுப்பாகவோ எஃகு நிறத்திலோ தெரியும், பொடியானால் சிவப்பு. அந்தப் பெயரே கிரேக்கத்தில் ரத்தம் என்ற சொல்லிலிருந்து வந்தது. செம்மண்ணின் சிவப்புக்கும் பெரும்பாலும் இதே ஆள்தான் காரணம். மேக்னடைட் என்ற இன்னொரு இரும்பு ஆக்சைடாக இருந்தால் கோடு கறுப்பாக விழும், காந்தமும் லேசாகச் சாயாது, டக்கென்று போய் ஒட்டும். உங்கள் காந்தம் கொஞ்சம் சாய்ந்தது என்றால் ஹெமடைட்டுக்குள் மேக்னடைட் கொஞ்சம் கலந்திருக்கிறது.

நிஜ விண்கல்லைத் தேய்த்தால் பெரும்பாலும் கோடே விழாது, விழுந்தாலும் மங்கலான சாம்பல். விண்கல் என்று ஆசையாக எடுத்து வரப்படுகிற கற்களில் ஹெமடைட்டும் மேக்னடைட்டும் உலைக் கசடும்தான் மிக அதிகம். கசடில் குமிழி ஓட்டைகள் இருக்கும். விண்கல்லில் அநேகமாக இருக்காது.

இன்னொன்று, எல்லாருக்கும் சொல்கிறேன். சந்தேகப்படும் கல்லில் பலமான காந்தத்தை ஒட்டிப் பார்க்காதீர்கள். நிஜமாகவே விண்கல்லாக இருந்துவிட்டால், அது தனக்குள் வைத்திருக்கும் பழைய காந்தப் பதிவு அந்த ஒரு நொடியில் அழிந்துபோகும். சின்ன காந்தம், நூலில் தொங்கவிட்டு, தொடாமல். நீங்கள் செய்தது சரியான முறை.

படமெடுப்பவன்:
சரி, கோடு சிவப்பு என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வெளியில் கிடந்த விண்கல் துருப்பிடித்தால்கூடச் சிவப்புப் பொடி வருமே?

நிலவியல் டீச்சர்:
நல்ல கேள்வி. துருவின் கோடு பெரும்பாலும் மஞ்சள் கலந்த பழுப்பாக இருக்கும், ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்ட மாட்டேன். அதனால்தான் ஒப்படர்த்தி. எடை போட்டுவிடலாம்.

பழையசுத்தியல்:
எண்முறைத் தராசு வீட்டில் இருந்தால் போதும். முதலில் கல்லைக் காய்ந்த நிலையில் எடை போடுங்கள். பிறகு தண்ணீர் உள்ள கிண்ணத்தைத் தராசில் வைத்து அளவைப் பூஜ்ஜியமாக்குங்கள். கல்லைத் தண்ணீருக்குள் முழுதும் மூழ்க வைத்தால் தராசு ஒரு எண் காட்டும். முதல் எண்ணை இரண்டாவது எண்ணால் வகுத்தால் ஒப்படர்த்தி.

கூழாங்கல்பை:
எங்கோ தப்பு. காய்ந்த கல் 318 கிராம். தண்ணீரில் போட்டாலும் அதே 318. வகுத்தால் 1 வருகிறது. அப்படியென்றால் இந்தக் கல் தண்ணீரில் மிதக்கவா முழுகவா என்று யோசித்துக்கொண்டு நிற்க வேண்டுமே?

விரல்நகம்:
கிண்ணத்தின் அடியில் உட்கார வைத்துவிட்டீர்கள். தராசு முழுக்கல்லையும் தூக்கிக்கொண்டிருக்கிறது.

பழையசுத்தியல்:
என் தப்பு, சொல்லாமல் விட்டுவிட்டேன். நூலில் கட்டிக் கையால் பிடித்துக்கொண்டு தொங்கவிட வேண்டும். அடியிலும் படக்கூடாது, பக்கத்திலும் படக்கூடாது. கல்லில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் லேசாக ஆட்டிவிடுங்கள்.

கூழாங்கல்பை:
தொங்கவிட்டால் 65. 318ஐ 65ஆல் வகுத்தால் 4.89.

நிலவியல் டீச்சர்:
முடிந்தது. சுத்தமான ஹெமடைட் 5.26 வரை போகும், கொஞ்சம் மண்ணோ குவார்ட்ஸோ கலந்தால் குறையும், ஆகவே 4.89 கச்சிதம். வானத்திலிருந்து விழுபவற்றில் பெரும்பாலானவை கல்வகை, அவை சுமார் மூன்றரையில் நிற்கும். இரும்பு விண்கல் என்றால் எட்டை ஒட்டிப் போகும். கல்லும் இரும்பும் கலந்த வகை நடுவில் வரும்தான், அது மிகவும் அபூர்வம், அதுவும் சிவப்புக் கோடு போடாது.

படமெடுப்பவன்:
ஒப்புக்கொள்கிறேன். ஆப்பை அழிக்க மாட்டேன், ஆனால் டைல்ஸ் ஒன்று தேடி எடுத்து வைத்துக்கொள்கிறேன். இந்தத் தொங்கவிடும் வேலையை என் கற்கள் எல்லாவற்றுக்கும் செய்யலாமா?

பழையசுத்தியல்:
எல்லாவற்றுக்கும் வேண்டாம். ஒரே கனிமமாக இருக்கும் துண்டுக்குத்தான் அந்த எண்ணில் அர்த்தம் உண்டு. குவார்ட்ஸ் 2.65, கால்சைட் 2.71, பாரைட் நாலரை, பைரைட் 5, கலீனா ஏழரை. வெள்ளையாக ஒரு கல், கையில் எடுத்தால் நினைத்ததைவிட இரண்டு மடங்கு கனம் என்றால் எனக்கு முதலில் பாரைட்தான் தோன்றும். ஆனால் கருங்கல் துண்டைத் தொங்கவிட்டு வரும் எண் மூன்று நாலு கனிமங்களின் சராசரி, அதில் பெரிதாக ஒன்றும் தெரியாது. பாறை வேறு, கனிமம் வேறு. கனிமத்துக்கு வேதிவாய்பாடு உண்டு, உள்ளே அணுக்கள் ஒழுங்காக அடுக்கியிருக்கும். பாறை என்பது கனிமங்களின் கூட்டம். ஆப்சிடியன் எரிமலைக் கண்ணாடி, அடுக்கு ஒழுங்கு இல்லாததால் அது கனிமத்திலும் சேராது. இதில் குழம்பாத ஆளே இல்லை.

உப்புவகைக் கற்களைத் தண்ணீரில் தொங்கவிட்டு எங்கே போனது என்று கேட்காதீர்கள்.

கூழாங்கல்பை:
தண்ணீர் பேச்சு வந்ததால் ஒரு குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி மாதிரி முனை முனையாக நின்ற ஒரு கொத்து கிடைத்தது, விரல் நுனி அளவு முனைகள். சேறு போகட்டும் என்று ராத்திரி வினிகரில் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் முனைகள் எல்லாம் மழுங்கி, நக்கித் தின்ற மிட்டாய் மாதிரி ஆகிவிட்டது. போட்டபோது பொடிப்பொடியாக நுரைத்தது, சேறு கரைகிறது என்று சந்தோஷப்பட்டேன்.

விரல்நகம்:
நுரைத்தது சேறு இல்லை, உங்கள் கால்சைட். அதுவே ஒரு சோதனைதான், நீங்கள் ராத்திரி முழுக்கச் செய்துவிட்டீர்கள்.

பழையசுத்தியல்:
எல்லாரும் ஒரு கால்சைட்டையாவது கொன்றிருப்போம், விடுங்கள். ஒரு சொட்டு போதும், அதையும் அடிப்பக்கம் தெரியாத மூலையில் வைத்துப் பார்த்து உடனே கழுவிவிட வேண்டும். கால்சைட் உடனே நுரைக்கும், டோலமைட் பொடியாக்கினால்தான் மெதுவாக நுரைக்கும், குவார்ட்ஸ் அசையாது.

சுத்தம் செய்ய என் முறை சோம்பேறி முறை. காய்ந்த பழைய பல்துலக்கும் பிரஷ், அதில் போகாவிட்டால் வெறும் தண்ணீர், அதிலும் போகாவிட்டால் ஒரு மாதம் சும்மா வைத்துவிட்டு மறுபடி பார்ப்பது. துருக்கறைக்கு ஆக்சாலிக் அமிலம் போடுபவர்கள் உண்டு, அது விஷம், கையுறையும் காற்றோட்டமும் இல்லாமல் தொடவே கூடாது. முதல் வருடத்தில் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ஊதாப்படிகம்:
நான் பொறுக்குவதில்லை, வாங்குகிறேன், அடிக்க வராதீர்கள். ஒரு ஊதாக் குவார்ட்ஸ் கொத்து ஜன்னலோரம் வைத்திருந்தேன், வெயில் படும் பக்கம் மட்டும் வெளுத்துப்போய்விட்டது. ஏமாற்றிச் சாயம் பூசி விற்றுவிட்டார்களா?

நிலவியல் டீச்சர்:
சாயமாகவே இருக்க வேண்டியதில்லை. அந்த ஊதாவே குவார்ட்ஸுக்குள் துளி இரும்பும், சுற்றியுள்ள பாறையின் இயற்கைக் கதிர்வீச்சும் சேர்ந்து உண்டாக்கியது. நீண்ட நாள் வெயிலில் வைத்தால் வெளுக்கும். சூடேற்றினால் மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ மாறும். கடைகளில் சிட்ரின் என்று வரும் அடர்ந்த செம்மஞ்சள் கொத்துகளில் பல அப்படிச் சுட்ட ஊதாக் குவார்ட்ஸ்தான், அடிப்பக்கம் வெள்ளையாகவும் நுனி மட்டும் தீய்ந்த மாதிரியும் இருப்பதைக் கவனியுங்கள்.

ஊதாப்படிகம்:
ஐயோ, அதுவும் ஒன்று இருக்கிறது, அச்சு அசல் நீங்கள் சொன்ன மாதிரி.

விரல்நகம்:
வாங்குபவர்களுக்கு என் பங்கு. நீல வானத்தில் நட்சத்திரம் தூவிய மாதிரி மினுக்கும் கோல்ட்ஸ்டோன், பால் நிறத்தில் நீலம் தெரியும் ஓபலைட், இரண்டும் மனிதர் செய்த கண்ணாடி. வானவில் மாதிரி பளபளக்கும் குவார்ட்ஸ் நிஜக் குவார்ட்ஸ்தான், மேலே உலோகப் பூச்சு. அப்புறம் டர்கோய்ஸ் என்று வருவதில் சாயம் ஏற்றிய ஹௌலைட் என்ற வெள்ளைக் கல் நிறைய. பஞ்சில் அசிட்டோன் தொட்டு ஓரத்தில் தேய்த்தால் மட்டமான சாயம் பஞ்சில் இறங்கிவிடும்.

கண்ணாடியா குவார்ட்ஸா என்பதற்கு லென்ஸ். பத்து மடங்கு பெருக்கும் சின்ன லென்ஸ் ஒன்றே போதும். ஆனால் பிடிக்கும் விதம் முக்கியம். துப்பறிபவர் மாதிரி கையை நீட்டிப் பிடிக்கக்கூடாது. லென்ஸைக் கண்ணோடு ஒட்டிவைத்து, கல்லை மெல்ல மெல்ல மூக்கருகே கொண்டுவர வேண்டும், ஒரு கட்டத்தில் சட்டென்று தெளியும். உள்ளே உருண்டையான காற்றுக்குமிழி தெரிந்தால் கண்ணாடி. இயற்கையாக வளர்ந்த குவார்ட்ஸ் முனை என்றால் பக்க முகங்களில் நீளத்துக்குக் குறுக்காக மெல்லிய வரிகள் ஓடும், நகத்தால் தடவினாலே தெரியும். கூழாங்கல்பை, மழுங்கிய அந்தக் கொத்தையும் லென்ஸில் பாருங்கள், அமிலம் அரித்த முகத்தில் குட்டிக் குழிகள் ஒரே திசையில் அடுக்கியிருக்கும். அழகாகவே இருக்கும்.

கூழாங்கல்பை:
பார்த்தேன். குழி குழியாக, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கின்றன. தூக்கிப் போட இருந்தேன், இப்போது மனம் வரவில்லை.

அடுத்த சந்தேகம். தங்க நிறத்தில் மினுக்கும் தூள் உள்ள மணல் கொஞ்சம் வைத்திருக்கிறேன். கேட்கவே வெட்கமாக இருக்கிறது.

நிலவியல் டீச்சர்:
வெட்கம் எதற்கு? இதற்காகவே தமிழில் காக்காப்பொன் என்று ஒரு சொல் இருக்கிறது. மைக்கா, அதாவது அப்பிரகம், காற்றுப்பட்டு நைந்தால் பொன் மாதிரி மினுக்கும். ஊசி முனையால் அழுத்துங்கள். ஏடு ஏடாகப் பிரிந்தால் மைக்கா, பொடிந்தால் பைரைட், பொடியாமல் பள்ளம் விழுந்தால் அதன் பிறகு எங்களிடம் சொல்லாதீர்கள்.

பழைய பெயர்கள் கனிமத்துக்குத் தமிழில் நிறைய உண்டு, மருந்துச் சுவடிக்காரர்களும் சாயக்காரர்களும் பழக்கியவை. இந்துப்பு என்பது ஹாலைட். துருசு என்பது செம்பு சல்ஃபேட், தண்ணீர் பட்டால் கரையும். தாளகமும் மனோசிலையும் ஆர்செனிக் கனிமங்கள், மனோசிலை வெளிச்சத்தில் இருந்தால் மஞ்சள் பொடியாக உதிர்ந்துவிடும். சாதிலிங்கம் பாதரசக் கனிமம். கல்நார் நூல் நூலாகப் பிரியும், அந்த நூல் நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. இந்த வரிசையில் நாக்கில் வைக்கக்கூடியது இந்துப்பு ஒன்றுதான். ருசி பார்த்துக் கல்லை அறியும் பழக்கம் பழைய ஆட்களிடம் உண்டு, அதை மட்டும் கற்றுக்கொள்ளாதீர்கள்.

மலைப்பாதை:
எல்லாரும் சோதனையிலேயே நிற்கிறீர்கள். எங்கிருந்து எடுத்தார் என்று யாருமே கேட்கவில்லையே? காப்புக்காடு, குகை, தொல்லியல் இடம் என்றால் கூழாங்கல் ஒன்றுகூட எடுக்கக்கூடாது. தனியார் நிலம் என்றால் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். நிற்கும் பாறையை உடைத்துப் படிகம் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அடுத்து வருபவர் பார்க்க வெறும் தழும்புதான் மிஞ்சும்.

பழையசுத்தியல்:
என் பெயரில் சுத்தியல் இருப்பதால் எனக்கும்தான் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். பாதிக்கு மேல் ஒத்துக்கொள்கிறேன். நான் இப்போது உதிர்ந்து கிடப்பதைத்தான் எடுக்கிறேன். ஆனால் கீழே கிடக்கும் துண்டைக்கூட உடைத்துப் பார்க்கக்கூடாது என்றால் முடியாது. வெளிமுகம் வெயிலிலும் மழையிலும் மாறிப்போயிருக்கும், புது முகத்தைப் பார்த்தால்தான் அது என்ன கல் என்று தெரியும். உடைக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஆணி அடிக்கும் சுத்தியல் வேண்டாம், அதன் முகமே சில்லாகத் தெறிக்கும்.

எங்கிருந்து என்ற கேள்விதான் இந்த இழையிலேயே முக்கியமானது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் ஒரு மார்கசைட் இருந்தது. பைரைட்டின் உடன்பிறப்பு, அதே இரும்பும் கந்தகமும், அடுக்கு மட்டும் வேறு. சேவல் கொண்டை மாதிரி வரிசையாக நின்ற படிகங்கள், வெண்பொன் நிறம். பெட்டியில் பஞ்சு வைத்து, கீழே சீட்டு வைத்து, எடுத்த இடத்தை என் கையெழுத்தில் எழுதி மூடினேன். மூன்று மழைக்காலம் திறக்கவில்லை. திறந்தபோது கெட்ட தீக்குச்சி வாடை. கொண்டை முழுக்க வெள்ளைப் பூஞ்சை மாதிரி பொடி, தொட்டதும் இரண்டாகப் பிளந்தது. ஈரக்காற்றில் அந்தக் கனிமம் ஆக்சிஜனோடு சேர்ந்து இரும்பு சல்ஃபேட்டாகவும் கந்தக அமிலமாகவும் மாறும். கல் போனது வருத்தம்தான், ஆனால் அமிலம் கீழே இருந்த சீட்டையும் பழுப்பாக அரித்து, எழுத்து இருந்த இடத்தில் ஓட்டை விழுந்திருந்தது. பெட்டிக்குள் பக்கத்துத் தடுப்பில் இருந்த நல்ல படிகத்தின் சீட்டையும் தின்றுவிட்டது. அந்தப் படிகம் இன்றும் என்னிடம் இருக்கிறது. குவார்ட்ஸ், குறை ஒன்றும் இல்லை. எங்கே எடுத்தேன் என்பது நினைவில்லை. யாராவது கேட்டால் "ஒரு மலையில்" என்கிறேன்.

கல்லின் பெயரைத் தப்பாக எழுதினால் பத்து வருடம் கழித்துக்கூடத் திருத்தலாம், கல் கையில் இருக்கிறதே, சோதித்தால் தெரியும். எடுத்த இடத்தைக் கல் சொல்லாது. அதனால் சீட்டை மட்டும் நம்பாதீர்கள். கல்லின் அடியில் துளி வெள்ளைப் பெயின்ட், அதன் மேல் மையால் எண், அதன் மேல் நிறமற்ற வார்னிஷ். அதே எண் ஒரு நோட்டில். நோட்டில் இடம், தேதி, எந்தப் பாறையோடு இருந்தது, தானாகக் கிடந்ததா பாறையில் ஒட்டியிருந்ததா. "ஓடைக்கரை" என்று எழுதாதீர்கள், எந்த ஓடை, பாலத்துக்கு மேலா கீழா, எத்தனை நடை. போனில் ஆயத்தொலை எடுத்து எழுதினால் இன்னும் நல்லது.

நிலவியல் டீச்சர்:
இதற்கு ஒரு கல்லறைக் கதை உண்டு. கொல்கத்தாவில் செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறை இருக்கிறது. டி. எச். ஹாலந்து என்ற நிலவியலாளர் அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, அதே வகைப் பாறைதான் சென்னைப் பக்கம் பரங்கிமலை, பல்லாவரத்தில் இருக்கிறது என்று கண்டு 1893இல் அந்தப் பாறைக்கே சார்னோகைட் என்று பெயர் வைத்தார். உடைத்த முகம் எண்ணெய் பூசிய மாதிரி பச்சை கலந்த கறுப்பாக இருக்கும். கல் பிறந்த இடம் ஒன்று, கிடந்த இடம் ஒன்று, பெயரோ கீழே படுத்திருந்தவருடையது. பாறை என்பதால் கனிமங்களின் சேர்க்கையை வைத்துப் பிறந்த இடத்தைத் தேட முடிந்தது. தனியாக ஒரு குவார்ட்ஸ் படிகத்தை வைத்துக்கொண்டு பழையசுத்தியல் சார் அதைச் செய்ய முடியாது.

கூழாங்கல்பை, உங்கள் ஹெமடைட் எங்கே கிடைத்தது?

கூழாங்கல்பை:
இதைக் கேட்பீர்கள் என்று பயந்துகொண்டே இருந்தேன். ரயில்வே கேட் திறக்கக் காத்திருந்தபோது, கேட்டுக்கு வெளியே சாலையோரம் கிடந்தது. தண்டவாளத்துக்குள் போகவில்லை, சத்தியமாக. விண்கல் என்றால் எங்கே வேண்டுமானாலும் விழலாமே என்று நினைத்தேன்.

விரல்நகம்:
அந்தப் பாதையில் சரக்கு வண்டி போகுமா?

கூழாங்கல்பை:
போகும். திறந்த பெட்டிகள், சிவப்புப் புழுதியோடு.

விரல்நகம்:
வானத்திலிருந்து விழுந்தது இல்லை, வண்டியிலிருந்து விழுந்தது.

படமெடுப்பவன்:
விழுந்தது என்ற வரைக்கும் ஆப் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

மலைப்பாதை:
சிரித்துவிட்டேன். ஆனாலும் சொல்லிவிடுகிறேன், ரயில் பாதைப் பக்கம் கல் தேடிப் போகாதீர்கள். அங்கே கொட்டியிருக்கும் ஜல்லியும் எங்கோ குவாரியிலிருந்து வந்தது, அந்த இடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

கூழாங்கல்பை:
நோட்டு எடுத்து எழுதிவிட்டேன். சரியா பாருங்கள்.

எண் 1. ஹெமடைட், கொஞ்சம் மேக்னடைட் கலந்தது. 318 கிராம், ஒப்படர்த்தி 4.89, கீற்று சிவப்பு. ரயில்வே கேட்டுக்கு வெளியே சாலையோரம் கிடந்தது, சரக்கு வண்டியிலிருந்து விழுந்திருக்கலாம். பிறந்த இடம் தெரியாது.

எண் 2. கால்சைட் கொத்து. ஓடை வளைவில், வலது கரையில், சுண்ணாம்புக்கல் பொந்துக்குக் கீழே உதிர்ந்து கிடந்தது. முனைகள் வினிகரில் மழுங்கியவை, என் வேலை.

பழையசுத்தியல்:
தேதி எங்கே?

கூழாங்கல்பை:
போட்டுவிட்டேன். இரண்டாவதற்கு மாதம் மட்டும்தான் நினைவிருக்கிறது.